கிளச் மிதி சொல்லும் சாட்சியம்

பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் மலைப்பாதையை அறிந்தவர்கள், அப்பாதையிலே வாகனம் செலுத்துவோரின் இடது காலுக்கு ஓய்வே இல்லை என்பதையும் அறிவார்கள். ஒரு வளைவு முடியுமுன் மறுவளைவு தோன்றும்; ஏற்றம் தணியுமுன் இறக்கம் தொடங்கும். எதிரே கொழுந்து ஏற்றிய லொறி ஒன்று வந்துவிட்டாலோ நிற்க வேண்டும், ஒதுங்க வேண்டும், மீண்டும் ஏற்றத்திலே புறப்பட வேண்டும். ஒவ்வொரு தடவையும் கியர் மாறுகிறது. ஒவ்வொரு தடவையும் கிளச் மிதி அழுத்தப்படுகிறது. சமவெளியிலே ஒரு மாதத்தில் அம்மிதி படும் பாட்டை, மலைநாட்டிலே அது ஒரு வாரத்தில் பட்டுவிடும் என்று கூறினாலும் மிகையாகாது.

இவ்வாரம் அந்த மிதியைப் பற்றியே எழுதப் போகிறோம். “குடும்பப் பத்திரிகையிலே இது எதற்கு?” என்று சில தாய்மார்கள் கேட்கக்கூடும். காரணம் உண்டு. மாணவர்கள் வகுப்பறையிலே மனனஞ் செய்யும் ஒரு விதி, மலைச்சரிவிலே இரண்டு உயிர்களைத் தாங்கி நின்றதை அண்மையிலே நாம் நேரில் கண்டோம். அந்த உயிர்களுள் ஒன்று நம்முடையது.

நம் நண்பர் ஒருவரிடம் பழைய விளையாட்டுக் கார் ஒன்று இருக்கிறது. எம். ஜி. பி. என்பது அதன் பெயர். இங்கிலாந்திலே அபிங்டன் நகரத் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை செய்யப்பட்ட இவ்வகைக் கார்கள் ஐந்து இலட்சத்திற்கு மேற்பட்டவை. அவற்றுள் 1960களில் பிறந்த ஒன்று கடல் கடந்து, மலை ஏறி, ஊவாவின் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரையிடம் வந்து சேர்ந்தது. விளையாட்டுக் கார்கள்மீது அக்காலத் துரைமாருக்கு இருந்த மோகம் பெரிது. நுவரெலியாவிலே மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934ஆம் ஆண்டே தொடங்கிவிட்டதன்றோ? காணிச் சீர்திருத்தச் சட்டத்தின்படி 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையான பின்னர் துரை ஊர் திரும்பினார், கார் திரும்பவில்லை. அதே தோட்டத்தில் டீமேக்கராக இருந்த நம் நண்பரின் தந்தையார் அதனை வாங்கினார். தேயிலை உருட்டும் இயந்திரங்களோடு பழகிய கை அது. இறக்கும்வரை அக்காரைத் தம் பிள்ளைபோலப் பேணினார். தந்தை போனபின் அந்தக் கார்தான் நண்பருக்குத் தந்தையின் ஞாபகம்.

சென்ற விடுமுறையிலே அக்காரில் நாம் இருவரும் பசறை நோக்கிச் சென்றோம். ஒரு வளைவில் எதிரே லொறி வந்தது. நண்பர் காரை நிறுத்தி, லொறிக்கு வழிவிட்டு, முதலாம் கியரைப் போட முயன்றார். கியர் விழவில்லை. பற்கள் உரசிக் கரகரவென்று ஓலமிட்டன. மிதியோ தரைவரை தாழ்ந்து கிடந்தது. பதற்றத்திலே பிரேக்கின் மேலிருந்த கால் சற்றே தளர, கார் பின்னோக்கி ஓரடி உருண்டது. இடப்புறம் தேயிலைச் செடிகளின் தலைகள் மட்டுமே தெரிந்தன. வேர்கள் எவ்வளவு கீழே இருந்தன என்று பார்க்க நமக்குத் துணிவில்லை. கீழே குதித்துச் சில்லுக்குப் பின்னால் ஒரு கல்லை வைத்தோம். நண்பர் மிதியை நான்கைந்து முறை விரைவாக அழுத்தியதும் கியர் விழுந்தது. அவ்வாறே மிதித்து மிதித்துப் பதுளை வந்து சேர்ந்தோம்.

பதுளையிலே ஒரு கராஜில் காரைக் காட்டினார் நண்பர். “கிளச் தட்டு தேய்ந்துவிட்டது, எஞ்சினை இறக்க வேண்டும்” என்றனர். எம். ஜி. பி. காரிலே கிளச் தட்டை மாற்றுவதற்கு எஞ்சினை வெளியே எடுத்தேயாக வேண்டும், அதில் பொய்யில்லை. அவர்கள் சொன்ன தொகையோ ஓர் ஆசிரியரின் பல மாதச் சம்பளம். இரண்டு நாள் யோசித்த நண்பர், காரை விற்றுவிடுவது என்றே முடிவு செய்துவிட்டார்.

மிதிக்கும் தட்டுக்கும் இடையே

அவர் முடிவு சரியா என்று ஆராயுமுன், கிளச் என்பது என்னவென்று மாணவர்களுக்குச் சொல்லிவிடுவோம்.

எஞ்சினின் பின்முனையிலே கனத்த இரும்புச் சில்லு ஒன்று எப்போதும் சுழன்றுகொண்டிருக்கிறது. இதனைப் பறப்புச் சில்லு என்பர். அதன் முகத்தோடு, உராய்வுப்பொருள் பதித்த தட்டு ஒன்றை வலிய வில் ஒன்று அழுத்திப் பிடித்திருக்கிறது. அழுத்தம் இருக்கும்வரை இரண்டும் ஒன்றாய்ச் சுழலும்; எஞ்சினின் வலு கியர்ப்பெட்டி வழியாகச் சில்லுகளைச் சென்றடையும். மிதியை அழுத்தினால் வில்லின் பிடி தளரும்; தட்டு விடுபடும்; எஞ்சின் சுழன்றாலும் வலு கியர்ப்பெட்டிக்குப் போகாது. அந்த இடைவெளியிலே கியரை மாற்றிக்கொள்கிறோம். கைகோத்து ஆடும் இருவரின் கைகளை ஒரு கணம் பிரித்துப் பின் சேர்ப்பது போன்றது இது.

ஆகவே கிளச்சின் குறைகளெல்லாம் இரண்டே வகையில் அடங்கும். பிரிய வேண்டிய வேளையில் பிரியாமை ஒன்று. சேர வேண்டிய வேளையில் சேராமை மற்றொன்று. முதலாவதில் கியர் உரசும். இரண்டாவதில் எஞ்சின் இரைந்து ஓடும், காரோ ஏறாது. தேய்ந்த தட்டு பெரும்பாலும் இரண்டாவது நோயையே உண்டாக்கும். நம் நண்பரின் காருக்கு வந்ததோ முதலாவது நோய். பசறை ஏற்றத்திலே எஞ்சினின் வலு முழுவதும் குறைவின்றிச் சில்லுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. எனவே தட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுமுன், மிதிக்கும் தட்டுக்கும் இடையே உள்ளவற்றை விசாரித்திருக்க வேண்டும்.

இடையே உள்ளது என்ன? 1950களின் நடுப்பகுதிவரை வந்த எம். ஜி. ‘ரி’ வகைக் கார்களிலே இரும்புத் தண்டோ கம்பியோ அவ்வேலையைச் செய்தது. 1955இல் வந்த எம். ஜி. ஏ. முதற்கொண்டு அந்த வேலை எண்ணெயிடம் ஒப்படைக்கப்பட்டது. மிதியின் அருகே மேல் உருளை ஒன்று. மாஸ்டர் சிலிண்டர் என்று கராஜ்களிலே கூறுவர். கியர்ப்பெட்டியின் அருகே கீழ் உருளை ஒன்று; அது சிலேவ் சிலிண்டர். இரண்டையும் ஒரு குழாய் இணைக்கிறது. குழாயின் கடைசிப் பகுதி வளையக்கூடிய இறப்பர்க் குழாய். மிதி தள்ள, மேல் உருளையின் எண்ணெய் கீழே ஓட, கீழ் உருளையின் தண்டு வெளியே நீண்டு கிளச்சை விடுவிக்கும். பிரேக் ஒயில் என்று நாம் கடையில் வாங்கும் அதே திரவமே இங்கும் வேலை செய்கிறது.

பஸ்காலின் கணக்கு

மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தின்மீது ஏற்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறைவின்றிப் பரவும் என்று கண்டவர் பிரெஞ்சு அறிஞர் பஸ்கால். 1648ஆம் ஆண்டில் இவர் தம் மைத்துனரைக் கொண்டு பாதரசக் குழாயை மலையுச்சிக்கு எடுத்துச் செல்வித்து, உயரம் ஏற ஏற வளியமுக்கம் குறைவதை நிறுவினார். மலைநாட்டு மாணவர்கள் இவரைச் சொந்தக்காரராகவே கொண்டாடலாம்.

அவருடைய விதியைக் கொண்டு ஒரு சிறு கணக்குப் போடுவோம். மேல் உருளையின் விட்டம் முக்கால் அங்குலம், கீழ் உருளையின் விட்டம் ஓரங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பரப்புகள் 9க்கு 16 என்ற விகிதத்தில் இருக்கும். மேலே கொடுத்த விசை கீழே ஏறக்குறைய 1.8 மடங்காகப் பெருகும். ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. மேலே தண்டு ஓரங்குலம் நகர்ந்தால் கீழே 9/16 அங்குலமே நகரும். மிதியின் நெம்புகோல் விகிதம் ஐந்து என்றும் கொண்டால், கால் ஐந்தங்குலம் அழுத்தினால்தான் அந்த 9/16 அங்குலம் கிடைக்கும்.

ஐந்தங்குல உழைப்பின் பயன் அரையங்குலத்திற்குச் சற்றே மேல்! எம். ஜி. பி. காரிலே கிளச் நன்றாகப் பிரிவதற்குக் கீழ்த்தண்டு சுமார் அரையங்குலம் நகர வேண்டும். இப்போது மிதியையும் மேல் உருளையின் தண்டையும் இணைக்கும் சிறு ஊசி தேய்ந்து, துவாரம் முட்டை வடிவாகி, எட்டிலொரு அங்குலம் ஆட்டம் கொடுத்துவிட்டது என்று கொள்வோம். காலின் ஓட்டத்திலே 5/8 அங்குலம் வீணாகிவிடும்; கீழ்த்தண்டோ அரையங்குலத்தை எட்டாமல் நின்றுவிடும். நெற்றுக் கடலை அளவு இரும்புத்துண்டு ஒன்று, ஒரு காரையே ஏற்றத்தில் நிறுத்திவிட வல்லது என்பதற்கு இக்கணக்கே சான்று.

மிதியைக் கேட்டல்

விற்பனைக்கு ஆள் தேடத் தொடங்கிய நண்பரை, நாம் ஒரு முதியவரிடம் அழைத்துச் சென்றோம். தோட்டத்து லொறியைப் பல்லாண்டு காலம் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பின்னர், “மாஸ்டர், தட்டை மாத்த முந்தி மிதியை ஒருவாட்டி கேட்டுப் பாருங்க. அது பொய் சொல்லாது” என்றார்.

“எப்படிக் கேட்பது, ஐயா?” என்றோம்.

“கையாலயும் காலாலயும்தான்” என்று சிரித்தார்.

அன்று மாலை அவர் கேட்ட கேள்விகளை வரிசைப்படுத்தி இங்கே தருகிறோம். எளியதிலிருந்து அரியதற்கும், வெளியிலிருந்து உள்ளுக்கும் செல்லும் வரிசை அது. பழைய கார் வைத்திருப்போர் வெட்டிப் பத்திரப்படுத்தி வைக்கலாம்.

முதற்கேள்வி: எண்ணெய் குறைந்திருக்கிறதா? மேல் உருளையின் மூடியைத் திறந்து பார்த்தாலே தெரியும். குறைந்திருந்தால் அது எங்கோ வெளியே ஒழுகுகிறது. காலடி விரிப்பைத் தூக்கி மிதியின் மேற்பகுதியைத் தடவிப் பாருங்கள். ஈரமிருந்தால் மேல் உருளையில் ஒழுக்கு. கீழ் உருளையின் இறப்பர் உறையைச் சற்றே விலக்கிப் பாருங்கள். துளி சொட்டினால் அங்கே ஒழுக்கு. இரண்டும் உலர்ந்திருந்தால் குழாயையும் அதன் மூட்டுகளையும் பாருங்கள். எண்ணெயை ஊற்றிவிட்டு ஓடுவது பரிகாரமன்று.

இரண்டாம் கேள்வி: மிதியைப் பலமுறை அழுத்தினால் நிலைமை சீராகிறதா? சீரானால் குறை எண்ணெய்ப் பாதையில் இருக்கிறது; தட்டில் அன்று. தேய்ந்த தட்டு எத்தனை முறை மிதித்தாலும் புதிதாகாதல்லவா? மிதி பஞ்சுபோல் மெத்தென்றிருந்து மிதிக்க மிதிக்க இறுகினால், குழாயிலே காற்றுப் புகுந்திருக்கிறது. திரவம் சுருங்காது, காற்றுச் சுருங்கும். நம் காலின் உழைப்பெல்லாம் காற்றைச் சுருக்குவதிலேயே கழிந்துவிடும்.

மூன்றாம் கேள்வி: மிதியை அழுத்திப் பிடித்திருந்தால் அப்படியே நிற்கிறதா, மெல்ல மெல்லத் தாழ்கிறதா? எண்ணெய் மட்டம் குறையாமலே மிதி தாழ்ந்தால், மேல் உருளையின் உள்ளிருக்கும் இறப்பர்க் கிண்ணம் தேய்ந்துவிட்டது. எண்ணெய் வெளியே போகவில்லை. கிண்ணத்தைத் தாண்டி உள்ளேயே பின்வாங்குகிறது. வெளியிலே ஒரு துளியும் தெரியாததால் பலரை ஏமாற்றும் குறை இதுவே.

நான்காம் கேள்வி: மிதியைக் கையாலே மெல்ல அசைத்தால் எவ்வளவு தூரம் சும்மா ஆடுகிறது? ஓரங்குலத்திற்கு மேல் ஆடினால் ஊசியையும் துவாரத்தையும் பாருங்கள்.

ஐந்தாம் கேள்வியே மிக முக்கியமானது: கீழ்த்தண்டு எவ்வளவு நகர்கிறது? காரைச் சமதரையிலே நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, எஞ்சினை அணைத்துவிட்டு, ஒருவர் மிதிக்க மற்றவர் அடிக்கோலால் அளக்க வேண்டும். அடியிலே செல்வதாயின் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்கக்கூடாது. உறுதியான தாங்கிகளின் மேலே கார் நிற்க வேண்டும். அரையங்குலம் நகர்ந்தும் கியர் உரசினால் மட்டுமே குறை உள்ளே இருக்கிறது என்று கொள்ளலாம். நெடுநாள் ஓடாமல் கிடந்த காராயின், தட்டு துருவேறிப் பறப்புச் சில்லோடு ஒட்டியிருக்கவும் கூடும்.

ஆறாவது, கியர் உரசுகிறது என்ற முறைப்பாட்டையே ஐயுற வேண்டும். 1967 வரை வந்த எம். ஜி. பி. கார்களின் முதலாம் கியரிலே வேகத்தை ஒத்திசைக்கும் பொறி இல்லை. ஓடும்போது அவசரமாகப் போட்டால் உரசவே செய்யும். சரியான சோதனை இது: எஞ்சின் மெல்ல ஓடும்போது மிதியை முழுதும் அழுத்திப் பத்து வினாடி பொறுத்துப் பின்கியரைப் போடுங்கள். அப்போதும் உரசினால் கிளச் பிரியவில்லை என்பது உறுதி. மௌனமாக விழுந்தால் கிளச்சின்மீது பழி போடாதீர்கள்.

இவை பிரியாமையின் சாட்சியங்கள். சேராமைக்கும் சில உண்டு. ஏற்றத்திலே உயர்ந்த கியரில் எரிவாயு மிதியை அழுத்த, எஞ்சினின் ஓசை மட்டும் உயர்ந்து வேகம் உயராவிட்டால் தட்டு வழுக்குகிறது. தட்டு தேய்ந்திருக்கலாம், எஞ்சின் ஒயில் அதில் பட்டிருக்கலாம். ஆனால் அங்கேயும் அவசரம் வேண்டா. வளையும் இறப்பர்க் குழாய் உள்ளே வீங்கி அடைத்துக்கொண்டால், சென்ற எண்ணெய் திரும்பி வராது. கால் எடுத்த பின்னரும் கிளச் பாதி பிரிந்தபடியே நிற்கும். அப்போதும் வழுக்கும். குழாயின் பிழைக்குத் தட்டு தண்டனை பெறுவது நீதியாகுமா?

மிதியை அழுத்தும்போது மட்டும் கீச்சென்ற ஓசை எழுந்தால் விடுவிக்கும் வளையத்தைச் சந்தேகிக்க வேண்டும். எம். ஜி. ஏ., எம். ஜி. பி. கார்களிலே இவ்வளையம் கரியினால் ஆனது. கிளச் மிதியின்மேல் காலை வைத்தபடியே ஓட்டுவோரும், ஏற்றத்திலே கைப்பிரேக்கைப் பயன்படுத்தாமல் கிளச்சைப் பாதி பிடித்துக் காரை நிறுத்திவைப்போரும் இந்தக் கரியை நாள்தோறும் அரைத்துத் தீர்க்கின்றனர். மலைநாட்டிலே இப்பழக்கம் அதிகம். பஸ் நிறுத்தங்களிலும் புகையிரதக் கடவைகளிலும் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கைப்பிரேக்கைப் போடுவோருக்குக் கிளச் இரு மடங்கு நன்றி செலுத்தும்.

எண்ணெயின் இயல்பு

எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. டொட் 3, டொட் 4 என்று பெயரிட்டு விற்கப்படும் திரவங்கள் வளியிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையவை. ஊவாவிலே கச்சான் காற்று வீசும் மாதங்கள் வறண்டவை. வடகீழ்ப் பருவமழையோ மாதக்கணக்கில் எல்லாவற்றையும் ஈரமாக்கிவிடும். ஈரம் புகுந்த எண்ணெய் உருளைகளின் உட்சுவரைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு இறப்பர்க் கிண்ணத்தைக் கீறும். பிரேக்கிலேயோ தீமை இன்னும் பெரிது. புதிய டொட் 3 கொதிக்க 205 பாகை வெப்பம் வேண்டும். ஈரம் ஏறியபின் அவ்வெல்லை 140 பாகையாக இறங்கலாம். நீண்ட இறக்கத்திலே பிரேக் சூடேறி எண்ணெய் கொதித்தால் மிதி வெறுமையாகிவிடும். ஆகவே இரண்டு ஆண்டுக்கொரு முறை எண்ணெயை முழுவதும் மாற்றுதல் நன்று.

அவசரத்துக்கு எஞ்சின் ஒயிலை ஊற்றுவது பெருந்தவறு. அது இறப்பர்க் கிண்ணங்களை ஊதிப் பருக்கச் செய்து அடியோடு கெடுத்துவிடும். பிரேக் ஒயில் வர்ணத்தை அரிக்கும். கையிலோ காரிலோ பட்டால் உடனே நீரால் கழுவ வேண்டும். பழைய கிளச் தட்டுகளிலே கல்நார் கலந்திருக்கக்கூடும். அத்தூசு நுரையீரலுக்குக் கொடிய நஞ்சு. காற்றடித்து ஊதுவதும், உலர் துணியால் தட்டுவதும் கூடா. அருகிலே பிள்ளைகளை நிறுத்தவும் கூடாது.

மலைப்பாதையில் மிதி கைவிட்டால்

மிதி திடீரெனத் தாழ்ந்துவிட்டால் முதலில் நினைவில் கொள்ள வேண்டியது: கிளச் போனதால் பிரேக் போய்விடவில்லை. இறக்கத்திலாயின் கியரை விடுவிக்காதீர்கள். எஞ்சினின் தடையே உங்களுக்குத் துணை. பிரேக்கால் நிறுத்துங்கள், கைப்பிரேக்கைப் போடுங்கள், முன்சில்லுகளை மலைப்பக்கம் திருப்பிவையுங்கள். சில்லுக்குக் கல் வைத்தபின், கூட வந்தோரை மலைப்பக்கமாக இறக்குங்கள். மிதியை விரைவாகப் பலமுறை அழுத்தினால் பாதுகாப்பான இடம்வரை செல்லும் அளவுக்காவது உயிர் திரும்பக்கூடும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. எம். ஜி. ஏ., முதற்கால ஒஸ்டின்-ஹீலி ஸ்பிறைட் போன்ற கார்களிலே பிரேக்குக்கும் கிளச்சுக்கும் மேல் உருளை ஒரே உடலில் அமைந்தது. இரண்டும் ஒரே தொட்டியிலிருந்து எண்ணெய் பெறுபவை. அங்கே கிளச்சின் ஒழுக்கு பிரேக்கின் அபாய மணி. மட்டத்தைப் பாராமல் ஓரடியும் இறங்கக்கூடாது. எம். ஜி. பி. காரிலே தொட்டிகள் வேறு வேறு. என்றாலும் இரண்டிலும் உள்ள இறப்பர் ஒரே வயதினதாக இருக்கக்கூடும். ஒன்று மூப்படைந்தால் மற்றதன் நாடியையும் பார்த்துவிட வேண்டும்.

என்ன நடந்தது?

நண்பரின் காருக்கு வருவோம். எண்ணெய் மட்டம் குறையவில்லை. மிதிக்க மிதிக்கச் சீராயிற்று. அழுத்திப் பிடித்தபோது மிதி மெல்லத் தாழ்ந்தது. கையால் ஆட்டியபோது ஓரங்குலத்திற்கு மேல் ஆடியது. கீழ்த்தண்டைப் பெரியவர் அளக்கச் சொன்னார். கால் அங்குலத்தைக்கூடத் தொடவில்லை. குற்றவாளிகள் இருவர்: மேல் உருளையின் இறப்பர்க் கிண்ணமும், தேய்ந்த ஊசியும். தட்டு நிரபராதி.

இவ்வகைக் கார்களுக்கு இன்றும் இங்கிலாந்திலே உதிரிப்பாகங்கள் செய்கிறார்கள். கிண்ணங்கள் வந்து சேரச் சில வாரங்கள் ஆயின. பெரியவர் உருளையைக் கழற்றி உட்சுவரை விரலால் தடவிக் கீறல் இல்லை என்று உறுதி செய்தபின்னரே கிண்ணங்களை மாற்றினார். புதிய ஊசியைப் பதுளையிலேயே கடைந்தெடுத்தோம். துவாரத்தை ஒட்டிச் சீர்செய்தோம். பிறகு காற்று வாங்கும் வேலை. நண்பரின் மகன், பதினொராம் வகுப்பு மாணவன், மிதியில் அமர்ந்தான். “அழுத்து, தம்பி” என்பார் பெரியவர். கீழே திருகைத் திறப்பார். கண்ணாடிப் போத்தலிலே குமிழிகள் எழும். திருகை மூடியபின் “விடு” என்பார். குமிழி நிற்கும்வரை இது நடந்தது. அவ்வப்போது மேல் தொட்டியிலே எண்ணெய் வற்றாமல் ஊற்றிக்கொண்டிருந்தது நம் பொறுப்பு.

மறுபடி அளந்தபோது கீழ்த்தண்டு அரையங்குலம் நகர்ந்தது. அடிக்கோலைப் பிடித்திருந்த பையன், “சேர், பஸ்கால் சரியாத்தான் சொல்லியிருக்கார்!” என்று கூவினான். பரீட்சைக்காக அவ்விதியைப் பலமுறை எழுதியவன். அன்றுதான் அதனை நம்பினான் போலும்.

கராஜ்காரர்களைக் குறைகூற நாம் இதனை எழுதவில்லை. அறுபது ஆண்டு கண்ட காரிலே தட்டும் ஒருநாள் தேயத்தான் போகிறது. எஞ்சினை இறக்கும் நாளும் வரும். அளந்தபின் சொன்னால் அது தீர்ப்பு. அளக்காமற் சொன்னால் அது ஊகம். ஊகத்திற்குப் பணம் கொடுக்கும் நிலையில் நம் குடும்பங்கள் இல்லை. 2020 மார்ச் மாதம் முதல் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்த நாடு இது. அக்காலத்திலே பழையதைப் பேணத் தெரிந்தவர்களே ஊரை ஓட்டினார்கள். அவர்களுள் பலருக்குச் சான்றிதழ் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. தோட்டத்து லயங்களிலும் லொறிக் கொட்டில்களிலும் கைவழியாக வந்த அறிவு அது. புத்தகம் படித்த நம் பிள்ளைகள் அடிக்கோலும் கையுமாக அவர்கள் அருகிலே போய் அமர வேண்டும். அவர்கள் போய்விட்டால் கேட்க ஆள் இராது.

பெரியவருக்குக் கூலி கொடுக்க முயன்றோம். வாங்க மறுத்துவிட்டு, “பசறைப் பக்கம் ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்க, அது போதும்” என்றார். சென்ற ஞாயிறு போனோம். முன்பு நாம் கல் வைத்த அதே வளைவிலே நண்பர் வேண்டுமென்றே காரை நிறுத்தினார். கைப்பிரேக்கைப் போட்டார், மிதியை அழுத்தினார், பத்து வரை எண்ணினார், கியரைப் போட்டார். ஓசையில்லை. கார் ஏறிற்று. காரை விற்கும் பேச்சை நண்பர் அதன்பின் எடுக்கவேயில்லை.